பச்சைப் புள்ளி

"சிறுவர் பக்கத்தை மூடிடலாம்" என்றார் ஆசிரியர், ஜன்னலை மூடச் சொல்கிற மாதிரி.

செய்தித்தளத்தின் காலைக் கூட்டம். நீளமான மேஜையைச் சுற்றி எல்லோரும் டீயோடு உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் மாட்டியிருந்த பெரிய திரையில் டேஷ்போர்டு ஓடிக்கொண்டிருந்தது. தளத்தில் வரும் செய்திகளில் எதை எத்தனை பேர் படிக்கிறார்கள், எந்த ஊரிலிருந்து, எவ்வளவு நேரம் என்று எல்லாவற்றையும் அது கோடாகவும் கட்டமாகவும் காட்டும். ஓரத்தில் ஒரு வரைபடம். யாராவது படித்துக்கொண்டிருந்தால் அவர்கள் ஊரில் ஒரு பச்சைப் புள்ளி மினுக்கும்.

அந்தத் திரையைப் பார்த்துப் பலன் சொல்வதுதான் மீட்டரின் உத்தியோகம். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு; சம்பளச் சீட்டைத் தவிர அதற்கு வேறு உபயோகம் இல்லை. நிருபராக ஊரெல்லாம் அலைந்தவரை வயது காரணமாக உட்கார வைத்து, வாசகர் கணக்கைப் பார்க்கச் சொன்னார்கள். முதல் வாரமே யாரோ 'மீட்டர்' என்று கூப்பிட்டார்கள். ஒட்டிக்கொண்டுவிட்டது.

"என்ன மீட்டர், பேசாம இருக்கீங்க? சிறுவர் பக்கத்தை யாராவது படிக்கிறாங்களா இல்லையா?"

மீட்டர் திரையைப் பார்த்தார். படிப்பது யார் என்று அவருக்குத் தெரியும். மொத்தமே ஒரே ஓர் ஆள்தான். அந்த ஆள் தன்னுடைய மகள் என்பதை நாலு பேர் நடுவில் எப்படிச் சொல்வது?

மகள் வேலைக்காகப் போன ஊர் வரைபடத்தின் விளிம்பில், கடலை ஒட்டி, எந்நேரமும் குளிரடித்துக்கொண்டிருக்கும் ஊர். போன இடத்தில் கூட வேலை பார்த்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னாள். பையனிடம் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நல்ல வேலை, நல்ல உயரம், சிரித்த முகம். வேறு பாஷைக்காரர், அவ்வளவுதான். மீட்டர் அந்த 'அவ்வளவுதான்' மேல் ஏறி நின்று குதித்தார்.

"நான் காலம் பூரா எழுதினதுல ஒரு வரி அவனால படிக்க முடியாது. நாளைக்கு வீட்டுக்கு வந்தா நானும் அவனும் என்ன பேசறது? ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கணுமா?"

குதித்த வேகத்தில் கல்யாணத்துக்கே போகவில்லை. மனைவி மட்டும் போய்விட்டு, அழுத கண்ணோடு திரும்பி வந்தாள். அன்றைக்கே மீட்டருக்கு வருத்தம் வந்துவிட்டது. ஆனால் வீம்பு அதற்கு முன்னாலேயே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது.

அதிலிருந்து மகள் அவரிடம் பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவைக் கூப்பிடுவாள். அந்த நேரம் பார்த்து மீட்டருக்குச் சமையலறையில் ஏதாவது தொலைந்துபோகும். மூக்கில் மாட்டியிருக்கும் கண்ணாடியைத் தேடிக்கொண்டே மனைவியின் காதருகே சுற்றிச் சுற்றி வருவார். அவர் தொண்டையைச் செருமினால் போதும். "சரிம்மா, அப்புறம் பேசறேன்" என்று அந்தப் பக்கம் வைத்துவிடுவாள்.

இப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் வரைபடத்தின் விளிம்பில், அந்தக் குளிர் ஊரில், ஒரு பச்சைப் புள்ளி எரிந்தது.

"அந்த ஊர்ல நம்ம பாஷை பேச ஒரு ஜீவன் கிடையாதும்மா" என்று மகள் எப்போதோ போனில் புலம்பியது அவர் காதில் விழுந்திருந்தது. அப்படியானால் வேறு யார்? புள்ளி மறுநாளும் வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. வந்தால் லேசில் போகாது. மற்றவர்கள் தலைப்பைப் பார்த்துவிட்டு ஓடிவிடுகிற இடத்தில் இது சிறுவர் பக்கத்தில் உட்கார்ந்து, நிதானமாக, சில சமயம் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கும். மீட்டருக்கு உடனே புரிந்துபோயிற்று. பிள்ளை வீட்டு நினைப்பில் ஏங்கிப் போயிருக்கிறது என்று கழிப்பறையில் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு வந்தார்.

இத்தனைக்கும் புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு அவரேதான் வகுப்பெடுப்பார். "டேஷ்போர்டு ஊரைச் சொல்லும், ஆளைச் சொல்லாது. எண்ணுக்கு மூக்கும் முழியும் வரைஞ்சுடாதீங்க" என்பது அவருடைய முதல் பாடம். அந்தப் புள்ளிக்கு மட்டும் அவரே மூக்கும் முழியும் வரைந்து, தலையைப் பின்னி, ரிப்பனும் கட்டிவிட்டிருந்தார்.

"மீட்டர்! தூங்கிட்டீங்களா?"

"இல்ல சார்." மீட்டர் எழுந்தார். திரையருகே போய், 'வாசகர் எண்ணிக்கை' என்று இருந்த கட்டத்துக்கு நேராக நின்றுகொண்டார். ஆள் கொஞ்சம் அகலம். கட்டம் முழுசாக மறைந்தது. "எத்தனை பேருங்கறதை விடுங்க சார். எவ்வளவு நேரம் படிக்கிறாங்கன்னு பாருங்க."

ஆசிரியர் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"என்னய்யா இது? நான் ராத்திரி பகலா உட்கார்ந்து எழுதற தலையங்கத்தை அரை நிமிஷத்துல தள்ளிவிட்டுப் போறாங்க. ஒரு அணில் கதைக்கு இவ்வளவு நேரமா?"

"ஊன்றிப் படிக்கிறாங்க சார்."

"ஊன்றியா? கூடாரமே அடிச்சிருக்காங்க!" ஆசிரியர் மேஜையைத் தட்டினார். "எனக்குப் புரிஞ்சு போச்சு. பெத்தவங்க பிள்ளைகளை மடியில வச்சுக்கிட்டு வாசிச்சுக் காட்டறாங்க. அதான் நேரமாகுது. சிறுவர் பக்கத்தை மூட வேண்டாம். முகப்புக்குக் கொண்டு வாங்க!"

சிறுவர் பக்கத்தைத் தனியாளாக எழுதிவந்த அம்மாளை எல்லோரும் அணில் அக்கா என்பார்கள். எந்தக் கதையை எடுத்தாலும் ஓர் அணிலை உள்ளே விட்டுவிடுவார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "நீங்க நல்லா இருக்கணும் மீட்டர்" என்று தன் பங்கு பிஸ்கட்டையும் அவர் பக்கம் தள்ளினார்.

மீட்டர் பிஸ்கட்டைப் பார்க்கவில்லை. ஆசிரியர் சொன்னது மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுகிறார்கள். சரி. என் மகள் வீட்டில்தான் பிள்ளை இல்லையே? அப்புறம் எதற்கு நாள் தவறாமல் அணில் கதை படிக்கிறாள்?

அவருக்குச் சட்டென்று கை கால் ஓடவில்லை. இப்போது இல்லை. ஆனால் வரப்போகிறது.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு நடந்து போகையில் தெருவில் தள்ளுவண்டியில் போன ஒரு குழந்தையை நின்று பார்த்தார். அதன் தாய் வண்டியை வேகமாகத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். வீட்டில் வாயைத் திறக்கவில்லை. மகளாகச் சொல்லட்டும், அவசரப்படக் கூடாது என்று உறுதி எடுத்துக்கொண்டார். அந்த உறுதியோடு மறுநாள் அலுவலகம் போய், 'தாயாகப் போகிறீர்களா?' என்று ஒரு தொடரை ஆரம்பித்துவைத்தார்.

பெரிய மருத்துவரைப் பிடித்து எழுத வாங்கினார். மருத்துவர் வரிக்கு வரி வாயில் நுழையாத வார்த்தையாகப் போட்டு எழுதித் தள்ளினார். கட்டுரை தளத்தில் ஏறியது. மீட்டர் திரை முன்னால் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பச்சைப் புள்ளி வந்தது. கட்டுரையைத் திறந்தது. திறந்த வேகத்தில் ஓடிப்போய்விட்டது.

"ஐயோ!" என்று மீட்டர் போட்ட சத்தத்தில் பக்கத்து மேஜைக்காரர் டீயைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார்.

"என்ன சார் ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. ஒருத்தங்களுக்கு உடம்பு முடியல போலிருக்கு."

மசக்கை. வேறென்ன? தலை சுற்றும், எழுத்து நெளியும், நீளமான வாக்கியத்தைப் பார்த்தாலே குமட்டும். மனைவி மகளைச் சுமந்தபோது இப்படித்தான் இருந்தாள். தினசரியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மீட்டர் அணில் அக்காவிடம் ஓடினார்.

"அக்கா, இந்தக் கட்டுரையைச் சின்னச் சின்ன வாக்கியமா மாத்தித் தர முடியுமா? எழுத்தையும் நல்லாப் பெருசா வைக்கணும். படிக்கிறவங்களுக்குக் கண்ணு களைச்சிருக்கும்."

"அணில் வேணுமா?"

"வேண்டாம்." கொஞ்சம் யோசித்தார். "ஒண்ணு வச்சாத் தப்பில்ல."

அக்கா எழுதித் தந்தார். 'அம்மா பால் குடித்தாள். அம்மா நன்றாகத் தூங்கினாள். அணில் சத்தம் போடாமல் இருந்தது' என்று போனது கட்டுரை. புள்ளி வந்தது. இந்த முறை ஓடவில்லை. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நிறுத்தி நிதானமாகப் படித்தது. படித்துவிட்டு மறுபடி மேலேயிருந்து படித்தது.

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? மீட்டர் அலுவலகம் முழுவதற்கும் டீ வாங்கிக் கொடுத்தார். எதற்கென்று கேட்டவர்களிடம் மாதக் கணக்கு நன்றாக வந்திருப்பதாகச் சொன்னார்.

ஆசிரியரும் திரையைப் பார்த்தார். அவர் பார்த்தால் சும்மா இருக்க மாட்டார்.

"மீட்டர், இதுதான்யா ரகசியம்! சின்ன வாக்கியம், பெரிய எழுத்து. இனிமே எல்லாச் செய்தியும் இப்படித்தான்."

"எல்லாச் செய்தியும்னா சார்..."

"எல்லாம்!"

அந்த வாரம் நிதிநிலை அறிக்கை வந்தது. 'அமைச்சர் வந்தார். பெட்டி கொண்டு வந்தார். பெட்டிக்குள் என்ன? வரி!' என்று வெளியிட்டார்கள். ஒரு வாசகர், தனக்கு அறுபது வயது என்றும் ஆறு வயது இல்லை என்றும் எழுதினார். இன்னொருவர் பங்குச்சந்தைச் செய்தியில் அணில் எதற்கு என்று கேட்டிருந்தார். பழைய வாசகர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, வரைபடத்தில் அங்கங்கே விளக்கு அணைந்தது. விளிம்பில் இருந்த அந்த ஒரு புள்ளி மட்டும் முன்னைவிட அதிக நேரம் எரிந்தது. அரசியல், விளையாட்டு, வானிலை, டெண்டர் அறிவிப்பு என்று ஒன்று விடாமல் படித்தது.

மீட்டருக்கு மற்ற விளக்குகளைப் பற்றிக் கவலையே இல்லை. கவலைப்படுவதுதான் அவர் வேலை என்பதும் மறந்துவிட்டது. மனசுக்குள் சந்தோஷம் தளும்பிக்கொண்டிருந்தது. அதைத் தனியாகச் சுமந்துகொண்டு நடமாட முடியவில்லை. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வாயைத் திறந்துவிட்டார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நீ பாட்டி ஆகப்போற."

மனைவியின் கையிலிருந்த கரண்டி அந்தரத்தில் நின்றது. "யாருங்க சொன்னா? அவ உங்ககிட்ட பேசினாளா?"

"பேசல. டேஷ்போர்டுல தெரிஞ்சுது."

"எதுல?"

மீட்டர் விளக்கினார். புள்ளி, அணில் கதை, மசக்கை, பெரிய எழுத்து எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். சொல்லச் சொல்ல மனைவியின் முகத்தில் முதலில் மலர்ச்சி வந்தது. பிறகு உதடு துடித்தது.

"வாராவாரம் என்கிட்ட மணிக்கணக்கா பேசறா. பெத்தவகிட்ட சொல்லாம உங்க ஆபீஸ் டிவிக்குச் சொல்லியிருக்காளா?"

"அவ சொல்லலம்மா. நானா கண்டுபிடிச்சேன்."

"மாசமா இருக்கறவளுக்கு வாய்க்கு ருசியா என்ன வேணும்னுகூடக் கேட்காம இருந்துட்டேனே!"

"நீயா எதுவும் கேட்டுடாத. அவளாச் சொல்லட்டும். யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது, சரியா?"

மனைவி மூச்சு விடவில்லை. தங்கையைக் கூப்பிட்டு, "உனக்கு ஏதாவது தெரியுமாடி? என்கிட்ட மறைக்கிறாளே" என்று சந்தேகம்தான் கேட்டாள். அந்தத் தங்கைக்குக் குடும்பத்தில் 'ஒலிபெருக்கி' என்று பெயர். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் சொந்தபந்தம் அத்தனைக்கும் விஷயம் போய்ச் சேர்ந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை போன் வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே அடித்தது. மீட்டர் கண்ணாடியைத் தேடிக்கொண்டு சமையலறைக்குள் நுழைவதற்குள் மகளின் குரல் வெளியே வழிந்தது.

"யாரும்மா கிளப்பிவிட்டது? முந்தாநாள் ஆபீஸ்ல மீட்டிங்ல உட்கார்ந்திருந்தேன், போன் மேல போன். ஒரு அத்தை தொட்டில் செய்யறதுக்கு அளவு கேக்கறாங்க. சித்தி பேரே வச்சுட்டாங்க! எனக்கு அப்படியெல்லாம் ஒண்ணுமே இல்லம்மா!"

"அப்பாதான் கண்ணு... ஏதோ புள்ளி... டேஷ்போர்டுனு..."

பிறகு வந்த குரலில் சூடு இல்லை. அதுதான் மீட்டருக்குப் பயமாக இருந்தது.

"என் கல்யாணத்துக்கு வர அவருக்கு மனசு இல்ல. நான் என்ன படிக்கிறேன், என்ன பண்றேன்னு வேவு பார்க்க மட்டும் மனசு இருக்கா? போதும்மா. கொஞ்ச நாளைக்கு நான் போன் பண்ணல. உனக்கும்தான்."

மனைவி போனைக் கீழே வைத்தாள். அடுப்பை அணைத்தாள். திட்டுவாள் என்று மீட்டர் காத்துக்கொண்டு நின்றார். திட்டியிருந்தால் தேவலை.

"எனக்குன்னு இருந்தது அந்த ஒரு ஞாயித்துக்கிழமை" என்றாள். "அதையும் சேர்த்துக் கெடுத்துட்டீங்களே."

மீட்டருக்கு உட்கார இடம் தெரியவில்லை. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை மகளிடம் பேசிவிட வேண்டும் என்றுதான் இத்தனையும் செய்தார். செய்ததெல்லாம் சேர்ந்து, இருந்த ஒரு நூலையும் அறுத்துவிட்டது. இனி புள்ளியும் வராது என்று நினைத்தார்.

மறுநாள் காலை திரையைப் பார்க்கவே பயந்து, விரலிடுக்கு வழியாகப் பார்த்தார். வரைபடத்தின் விளிம்பில் பச்சைப் புள்ளி எப்போதும் போல மினுக்கிக்கொண்டிருந்தது. சிறுவர் பக்கத்தில் இருந்தது.

மீட்டர் உடனே மனைவியைப் போனில் கூப்பிட்டார். "இப்பவும் படிக்கிறா! உண்மையாவே வெறுத்திருந்தா படிப்பாளா, சொல்லு?"

"அவ படிக்கிறாளோ எழுதறாளோ எனக்குத் தெரியாது" என்றாள் மனைவி. "கெடுத்தவர் நீங்க. நேர்ல போய் நீங்களே சரி பண்ணுங்க. நானும் வர்றேன், தனியா விட்டா அங்கேயும் எதையாவது கண்டுபிடிப்பீங்க."

லீவு கேட்க ஆசிரியர் அறைக்குள் போனார். ஆசிரியர் விழுந்துகொண்டிருக்கும் கோடுகளைப் பார்த்துத் தலையில் கை வைத்திருந்தார்.

"எல்லாரும் போயிட்டாங்கய்யா. அந்தக் கடலோர ஊர்ல ஒரு ஆள் மட்டும் விடாம படிக்கிறாங்க. யாருய்யா அது? அவங்களுக்கு என்னதான் வேணும்?"

"அதைக் கேட்கத்தான் சார் நேர்ல போலாம்னு பார்க்கறேன்."

ஆசிரியர் எழுந்து வந்து அவரைக் கட்டிக்கொண்டார். "இதுதான்யா உழைப்பு! வாசகர் ஆய்வுன்னு எழுதிடுங்க. ஸ்வெட்டர் எடுத்துக்கிட்டுப் போங்க."

ரயில் போய்க்கொண்டே இருந்தது. சொல்லவேண்டியதை மீட்டர் முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். 'கல்யாணத்துக்கு வராதது தப்புதான் கண்ணு.' இந்த 'தான்' வேண்டுமா? வேண்டும். 'உன்னை வேவு பார்க்கல, உன்னைப் பார்க்காம இருக்க முடியல.' இது நன்றாக இருந்தது. ஆனால் இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் குரல் உடைந்து, எதிரே உட்கார்ந்திருந்த பிரயாணி தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"மாப்பிள்ளைகிட்ட என்ன சொல்லப் போறீங்க?" என்று மனைவி கேட்டாள்.

"அவர்கிட்டயா?" மீட்டர் அதை யோசித்திருக்கவே இல்லை. "சிரிச்சுடறேன். சிரிப்புக்குப் பாஷை வேண்டாமே."

"நீங்க சிரிச்சா கோபமா இருக்கீங்கன்னு நினைப்பார்" என்றாள் மனைவி. ஆனாலும் அவர் தோளில் சால்வையை இழுத்துப் போர்த்திவிட்டாள்.

மகள் வீடு மாடியில் இருந்தது. மரப்படி ஏறுவதற்குள் மீட்டர் இரண்டு தடவை நின்றுவிட்டார். குளிர் என்று சொல்லிக்கொண்டார். கதவுக்கு முன்னால் நின்று, ஒரு தைரியத்துக்காகப் போனில் டேஷ்போர்டைத் திறந்தார். புள்ளி எரிந்துகொண்டிருந்தது. இந்த நிமிடம், இந்தக் கதவுக்குப் பின்னால், மகள் அப்பாவின் தளத்தைப் படித்துக்கொண்டிருக்கிறாள்! மனைவியிடம் காட்டினார். அவளுக்கும் முகம் இளகிவிட்டது. அழைப்பு மணியை அவள்தான் அழுத்தினாள்.

கதவைத் திறந்தது மகள். இரண்டு கையிலும் முழங்கை வரை மாவு. அம்மாவைப் பார்த்ததும் "அம்மா!" என்று கூவினாள். பின்னால் நின்றவரைப் பார்த்ததும் அந்தக் கூவல் பாதியில் நின்றது. கொஞ்சம் இளைத்திருந்தாள். முன்னந்தலையில் ஒரு நரைமுடி தெரிந்தது. எப்போது வந்தது அது? டேஷ்போர்டில் அதெல்லாம் தெரிந்ததில்லை.

மீட்டர் ரயிலில் பாடம் பண்ணியது அத்தனையும் மறந்துவிட்டது.

"நீ தினமும் படிக்கிறது எனக்குத் தெரியும் கண்ணு. அப்பாமேல கோபமா இருந்தாலும் படிக்கிற பாரு, அது போதும் எனக்கு."

"எதைப் படிக்கிறேன்?"

"நம்ம சைட்டை."

"நானா?" மகள் மாவுக் கையை இடுப்பில் வைக்கப் போய், வைக்காமல் நிறுத்தினாள். "நீங்க கல்யாணத்துக்கு வராத அன்னைக்கே அதைப் போன்லேர்ந்து எடுத்துட்டேன்ப்பா. அதுக்கப்புறம் ஒருநாள்கூடத் திறக்கல."

மீட்டர் கையில் இருந்த போனைப் பார்த்தார். புள்ளி எரிந்துகொண்டிருந்தது. மகளின் கைகளைப் பார்த்தார். மாவுதான் இருந்தது. மறுபடி போனைப் பார்த்தார். யாரோ அடுத்த பக்கத்துக்குப் போனார்கள்.

இத்தனை நாளாக யாருக்காக ஒரு செய்தித்தளத்தையே அணில் கூண்டாக மாற்றினார்? யாரோ ஒரு முகம் தெரியாத ஆளுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதிருக்கிறார். பிள்ளை தன்னை நினைத்து ஏங்கவே இல்லை. அவருக்கு வெட்கத்தைவிட அதுதான் வலித்தது.

"மன்னிச்சுடும்மா" என்றார். வேறு ஒன்றும் வரவில்லை. "நான் வந்திருக்கணும். வராதது தப்பு. தப்புன்னு அன்னைக்கே தெரியும்."

மகளுக்கு மூக்கு சிவந்தது. மாவுக் கையால் முகத்தைத் துடைத்து, கன்னமெல்லாம் வெள்ளையாக்கிக்கொண்டாள். அவளும் எத்தனையோ நாளாக இந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தவள்தான். ஆனால் அப்பாவின் மகள் இல்லையா, உடனே இறங்கிவர முடியுமா?

"என்கிட்ட எதுக்கு? அவர்கிட்ட கேளுங்க. அன்னைக்குக் கல்யாணப் பதிவு ஆபீஸ் வாசல்ல, நீங்க எப்படியும் வந்துடுவீங்கன்னு கடைசி வரைக்கும் தெருவையே பார்த்துக்கிட்டு நின்னது அவர்தான்."

மீட்டருக்குத் தலை குனிந்துவிட்டது. அந்த உயரமான பையன் தெருவைப் பார்த்து நிற்பது கண் முன்னால் வந்தது.

"கேட்கறேம்மா. கால்ல விழுந்துகூடக் கேட்கறேன். ஆனா எந்த பாஷைல கேட்கறது? நான் சொன்னா அவருக்கு எப்படிப் புரியும்?"

உள் அறையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கதவைத் திறந்துகொண்டு மாப்பிள்ளை வெளியே வந்தார். கையில் ஏந்திப் பிடித்த போன். அதில் அணில் கதை, பெரிய பெரிய எழுத்துகளில். தாமதமாகப் பள்ளிக்கு வந்த பையனைப் போல முகம் சிவந்திருந்தது. மாமியாரைப் பார்த்தார், மாமனாரைப் பார்த்தார், மனைவியைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் கூரையைப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு எழுத்தாக, தடுக்கி விழாமல், மெல்ல மெல்லச் சொன்னார்:

"மாமா வந்தார். அத்தை வந்தார். இதனால் மருமகன் வீட்டில் பெரும் மகிழ்ச்சி நிலவுவதாக நம்பத்தகுந்த வட்டாரங்கள் தெரிவிக்கின்றன."